ஃபயர்ஃபிஞ்ச் அடையாளம் காண்பது எப்படி? சிவப்பை விடுங்கள், அலகைப் பாருங்கள்

கென்யா, தான்சானியா என்று சஃபாரி போகிறவர்கள் சிங்கம் தேடும் அவசரத்தில், விடுதி வாசலிலேயே மேய்கிற ரெட்-பில்டு ஃபயர்ஃபிஞ்ச் என்ற குருவியைக் கவனிப்பதே இல்லை. சுமார் 10 செ.மீ. நீளம், 10 கிராமுக்குள் எடை. செனகலிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை பரவலாக உண்டு. நம்மூர் சில்லைகளும் இதே எஸ்ட்ரில்டிடே குடும்பம்தான்.

படி 1: தரையைப் பாருங்கள். குடிசை முற்றம், தானியம் புடைக்கும் இடம், புதரோரம் என்று மனிதர் புழங்கும் இடங்களில் ஜோடியாகவோ சிறு கூட்டமாகவோ புல்விதை பொறுக்கும். அதிகம் கூச்சப்படாது. அசையாமல் நின்றால் சில அடி தூரத்திலேயே பார்க்கலாம்.

படி 2: ஆணின் அலகைப் பாருங்கள். உடம்பின் சிவப்பு கண்ணைப் பறிக்கும். ஆனால் ஆப்பிரிக்கன் ஃபயர்ஃபிஞ்ச், ஜேம்சன் ஃபயர்ஃபிஞ்ச் ஆண்களும் சிவப்புதான். அவற்றின் அலகு நீலச்சாம்பல், ரெட்-பில்டுக்கு இளஞ்சிவப்பு. கண்ணைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையமும் தெரியும்.

படி 3: வாலடியைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் இதுதான் தீர்ப்பு. அந்த இரண்டு இனத்து ஆண்களுக்கும் வாலுக்கு அடிப்புறத் தூவி கறுப்பு. இதற்கு வெளிறிய பழுப்பு.

படி 4: பெண்ணை விட்டுவிடாதீர்கள். உடம்பு பழுப்பு. கண்ணுக்கும் அலகுக்கும் இடையே சிறு சிவப்புத் தீற்று, மார்போரத்தில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள், பறக்கும்போது பளிச்சென்று சிவக்கும் இடுப்பு. முகத்தில் சிவப்போ மார்பில் புள்ளியோ இல்லாமல் இடுப்பு மட்டும் சிவந்திருந்தால் அது குஞ்சுப் பருவம்.

படி 5: கூட்டைத் தேடாதீர்கள், கண்ணில் பட்டால் தள்ளி நில்லுங்கள். காய்ந்த புல்லில் பக்கவாசல் வைத்த உருண்டைக் கூடு. உள்ளே இறகு மெத்தை. கூரைப்புல்லுக்குள்ளும் சுவர்ப் பொந்திலும்கூடக் கட்டும். முட்டை வெள்ளை.

படி 6: இனிமேல்தான் சுவாரசியம். பக்கத்து மரத்து உச்சியில் நீலம் மினுங்கும் கறுப்புக் குருவி ஒன்று பாடுகிறதா பாருங்கள். வில்லேஜ் இண்டிகோபேர்ட். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவதுபோல இது ஃபயர்ஃபிஞ்ச் கூட்டில் இடும். இதன் குஞ்சு வீட்டுக்காரர் குஞ்சுகளைத் தள்ளிவிடாது, சேர்ந்தே வளரும். வாயைத் திறந்தால் அண்ணத்தில் ஃபயர்ஃபிஞ்ச் குஞ்சுக்கு உள்ள அதே மாதிரி கறுப்புப் புள்ளிகள்! அப்புறம் ஆண் குஞ்சு வளர்ப்புத் தகப்பன் பாட்டையே கற்றுக்கொள்ளும். பெண்ணும் அந்தப் பாட்டைப் பாடுகிறவனைத்தான் துணையாகத் தேர்ந்தெடுக்கும். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் பெயின் இதைக் கூண்டில் சோதித்தார்: வேறு இனத்துக் குருவிகள் வளர்த்த இண்டிகோபேர்ட் ஆண்கள் அந்த வளர்ப்பு இனத்தின் பாட்டைப் பாடின.

ஆகவே ஃபயர்ஃபிஞ்ச் குரலைக் கேட்டதும் பட்டியலில் டிக் போட்டுவிடாதீர்கள். பாடுவது யார் என்று பைனாகுலரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.