பின்பக்க 'டொம்' சத்தம் நின்ற கதை: என் அனுபவம்

என் போலோ ஜிடி டிஎஸ்ஐ காருக்கு, உயரத்தைக் குறைக்கும் தாழ்வான ஸ்பிரிங்கும் புது ஷாக்கும் (ஷாக் அப்சார்பர்) போட்ட பிறகு, பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தாலே மதுரை நத்தம் பறக்கும் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் 'டொம்' என்று இடித்தது. ஷாக்கில் கசிவு இல்லை, போல்ட்டுகளும் தளரவில்லை.

தெப்பக்குளம் பக்கத்து மெக்கானிக் அண்ணன் டஸ்ட் கவரைத் தூக்கிவிட்டு, ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க, அதன் தண்டில் ஒரு கேபிள் டை (பிளாஸ்டிக் கட்டு) கட்டிக் கீழே தள்ளி வைத்தார். அழகர்கோவில் வரை ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், டை மேலேறி, ஷாக் முழுதாக அமுங்கி இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பில் ஒட்டி நின்றது! இறங்கிய உயரத்துக்குப் பழைய நீளமான ஸ்டாப்பையே மாட்டியிருந்தார்கள். ஷாக் அசையவே இடமில்லை.

ஸ்பிரிங்கோடு வந்த குட்டை ஸ்டாப்பை மாட்டினோம். அப்புறம் சக்கரம் தரையில் நிற்கும்போதே ஷாக்கின் கீழ் போல்ட்டை இறுக்கினார், தொங்கவிட்டு இறுக்கினால் போல்ட் நுழையும் ரப்பர் வளையம் (புஷ்) முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியுமாம். இடி நின்றுவிட்டது. ஸ்பிரிங் வாங்குபவர்கள் ஸ்டாப்பையும் கேட்டு வாங்குங்கள்.