மந்திரப் பணியாளின் அறிவைத் தீர்மானிப்பது எப்படி?

ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் ஒரு மந்திரவாதி தான் உருவாக்கிய பணியாளிடம் "யாரையும் உள்ளே விடாதே" என்று கட்டளையிட்டுவிட்டுச் சென்றால், அதை அந்தப் பணியாள் எவ்வளவு தூரம் புரிந்துகொள்ளும் என்பதை ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர்தான் முடிவு செய்ய வேண்டும். முதலில் நுண்ணறிவு மதிப்பெண்ணைப் பாருங்கள். சராசரி மனிதருக்கு அது 10. 2014-இல் வெளியான ஆட்ட விதிகளின் ஐந்தாம் பதிப்பின்படி எலும்புக்கூட்டுக்கு 6, நடமாடும் பிணமான ஜோம்பிக்கும் மந்திரத்தால் இயங்கும் கற்சிலையான கல் கோலெமுக்கும் 3, உயிரூட்டப்பட்ட கவசத்துக்கு 1.

ஆனால் எண் மட்டும் போதாது. சொல்லப்படாத தடை ஒன்று குறுக்கிடும்போது பணியாள் என்ன செய்யும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மூடிய இரும்புக் கதவை எதிர்கொள்ளும் எலும்புக்கூடு, அதில் மோதிக் கைகால்களை முறித்துக்கொள்ளாமல் முதலில் கைப்பிடியைத் திருப்பிப் பார்க்கும். திறக்காவிட்டால் வேறு வழி தேடும். ஜோம்பியோ, எதிரி அக்கரையில் நின்றால் பெருக்கெடுத்து ஓடும் ஆற்றிலும் நேராக இறங்கிவிடும்; கை நழுவிய ஆயுதத்தைச் சொன்னால் ஒழிய எடுக்காது. குறைந்த அறிவுள்ள எந்தப் பணியாளையும் இவ்விரண்டோடும் ஒப்பிட்டுப் பார்த்தால் பெரும்பாலான ஐயங்கள் தீர்ந்துவிடும்.

காவல் பணிக்கு, சுற்றுப்புறத்தைக் கவனிக்கும் திறனைக் காட்டும் விவேக மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம். ஜோம்பிக்கும் கல் கோலெமுக்கும் நுண்ணறிவு ஒன்றே என்றாலும், முன்னதன் விவேகம் 6, பின்னதன் விவேகம் 11. ஆகவே பதுங்கி வருபவரைக் கோலெம் கவனிக்கும் வாய்ப்பு அதிகம். கவனித்தபின் வந்தவர் நண்பரா பகைவரா என்று ஆராயும் திறனை மட்டும் அதற்குக் கொடுக்காதீர்கள்.

அன்சீன் சர்வன்ட் மந்திரத்தால் தோன்றும் உருவமற்ற விசைக்கு மனமே இல்லை. ஒரு மணி நேரம் நிலைக்கும் அது பொருளை எடுத்து வரும், துடைக்கும், தீ மூட்டும். இட்ட வேலை முடிந்ததும் அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். "சந்தேகத்துக்குரியவர் வந்தால் மணியடி" என்பது போன்ற, ஆளை எடைபோடச் சொல்லும் கட்டளையை அதனால் நிறைவேற்ற முடியாது என்பதே என் தீர்ப்பு. மந்திரவாதி உருவாக்கும் சிற்றுயிரான, நுண்ணறிவு 10 உள்ள ஹோமன்குலஸ் இதற்கு நேர்மாறானது: பேச இயலாவிட்டாலும், தன்னை உருவாக்கியவர் அறிந்த மொழிகளைப் புரிந்துகொள்ளும், அவரோடு மனத்தொடர்பும் அதற்கு உண்டு. எனவே கட்டளையின் சொற்களைத் தாண்டி அதன் நோக்கத்தையும் அது உணர்வதாகவே நடத்துங்கள். ஒருவரின் மந்திர நகலான சிமுலாக்ரம் தனி வகை. மூலவரின் அறிவு அதற்கு உண்டு, ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்ள இயலாது.

உங்கள் முடிவை ஆட்டக்காரர் கட்டளையிடும் முன்பே சொல்லிவிடுங்கள். மந்திரத்தைப் பயின்ற பாத்திரத்துக்குத் தன் பணியாளின் வரம்பு தெரிந்திருக்கும் என்பதால், அதை ஆட்டக்காரரிடம் மறைத்துவைத்து, பின்னர் சொற்களைப் பிடித்துக்கொண்டு தண்டிப்பது நியாயமாகாது. கட்டளையை அவர் சொன்னபடியே குறித்துவைத்து, அடுத்த அமர்விலும் அதே அளவுகோலைப் பயன்படுத்துங்கள்.