பினாங்கில் நாய் காணாமற்போனால்: தேடு கருவிகளைப் பயன்படுத்தும் முறை

சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் நள்ளிரவில் ஜார்ஜ்டவுனில் வெடிக்கும் பட்டாசுச் சத்தத்திற்கு மிரண்டு, வாயிற்கதவின் இடுக்கில் நழுவி ஓடிய எங்கள் நாய் மணி, மறுநாள் காலையில் ஒரு கடைவீட்டுப் பின்சந்தில், கால்வாய் ஓரம் நடுங்கியபடி கிடைத்தான். அவன் கழுத்துப்பட்டையிலிருந்த ஜிபிஎஸ் கருவிதான் அந்த இடத்தைக் காட்டியது.

தோலுக்கடியில் பொருத்தும் மைக்ரோசிப் இருப்பிடத்தைக் காட்டாது. அதிலுள்ள 15 இலக்க எண்ணைக் கால்நடை மருத்துவர் கருவியால் படித்து உரிமையாளரை அறியலாம், அவ்வளவே. ஆயினும் கழற்றி எறிய முடியாதது அது ஒன்றே என்பதால், திருடப்பட்ட நாய் உங்களுடையது என்று நிறுவ அதுவே வலுவான துணை. தொலைபேசி எண் மாறினால் பதிவையும் உடனே திருத்துங்கள்.

ஏர்டேக் போன்ற புளூடூத் வில்லைகள் அருகில் செல்வோரின் கைப்பேசிகளை நம்பியிருப்பவை. ஆள்நடமாட்டம் மிகுந்த ஜார்ஜ்டவுனின் கொம்தார் கோபுரச் சுற்றுவட்டாரத்தில் உதவும், பினாங்குமலைக் காட்டில் உதவாது. மேலும், தன்னுடன் அந்நிய வில்லை நகர்வதைத் திருடனின் கைப்பேசியே அவனுக்கு அறிவித்துவிடக்கூடும். எனவே சிம் அட்டையுள்ள ஜிபிஎஸ் கருவியையே நான் பரிந்துரைப்பேன். அதற்கும் கைப்பேசி அலைவரிசை வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் அளவு இடம் விட்டு, இரவுதோறும் மின்னேற்றி, கருவியின் செயலியில் வீட்டைச் சுற்றி எல்லை வகுத்து எச்சரிக்கையை இயக்கி வையுங்கள். திருட்டென்று தெரிந்தால், வரைபடம் காட்டும் வீட்டுக்குத் தனியே செல்லாமல், அதன் திரைப்பிடிப்புகளை (ஸ்கிரீன்ஷாட்) சேமித்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள்.