தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிரேக்கக் கதை சொல்வது எப்படி

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் மாலை வகுப்பு நடத்துபவர்களும், வாசிகசாலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை வாசிப்பவர்களும் கிரேக்கத் தொன்மங்களைத் தொடங்கும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். ஒலிம்பஸ் மலையின் பன்னிரு தெய்வங்களையும் வரிசையாகக் கரும்பலகையில் எழுதி, இன்னார் இன்னதற்கு அதிபதி என்று மனனம் செய்யவைக்கிறார்கள். மூன்றாவது பெயர் வருவதற்குள் பிள்ளைகளின் கண் யன்னலுக்கு வெளியே போய்விடும். நானும் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகத்தைப் பாடமாக எடுக்கும் மாணவருக்கு அந்தப் பட்டியல் தேவைப்படலாம். பத்து வயதுப் பிள்ளைக்குத் தேவை ஒரு குகையும் அதற்குள் ஒரு அரக்கனும்தான்.

ஆகவே, முதல் நாள் பொலிபீமஸின் கதையைச் சொல்லுங்கள். ஹோமரின் ஒடிசி காவியத்தில் ஒன்பதாம் காண்டத்தில் வருவது இது. ட்ரோய் போர் முடிந்து ஊர் திரும்பும் ஒடிசியஸ், பன்னிரண்டு தோழர்களோடு ஒற்றைக்கண் அரக்கனின் குகைக்குள் நுழைகிறான். மாலையில் ஆட்டு மந்தையோடு திரும்பும் அரக்கன் பெரும்பாறை ஒன்றால் வாசலை அடைத்துவிட்டு, வேளைக்கு இருவராக ஆறு பேரைத் தின்றுவிடுகிறான். இந்த இடத்தில் விளக்கை அணைத்துவிட்டு, இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், ஒருவரைத் தப்புப் பறையை மெல்ல அடிக்கச் சொல்லுங்கள். அரக்கனின் நடை காதில் விழட்டும். உறங்கும் அரக்கனைக் கொன்றுவிடலாமே என்று எந்தப் பிள்ளையாவது கட்டாயம் கேட்கும். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். அவனைக் கொன்றுவிட்டால் பாறையை நகர்த்துவது யார் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள்.

கதையின் உயிர் ஒரு சொல் விளையாட்டில் இருக்கிறது. தமிழில் சொல்லும்போது தடுமாறும் இடமும் அதுவே. ஒடிசியஸ் தன் பெயரை ‘ஊடிஸ்’, அதாவது ‘ஒருவருமில்லை’ என்று சொல்லி, கடுமையான வைன் கொடுத்து அரக்கனை மயக்கி, தீயில் காய்ச்சிய ஒலிவ மரத் தடியால் அவன் கண்ணைக் குத்திவிடுகிறான். அலறல் கேட்டு வெளியே கூடிய மற்ற அரக்கர்களிடம் பொலிபீமஸ், ‘ஊடிஸ் என்னைக் கொல்கிறான்’ என்கிறான். அவர்களோ ஒருவரும் கொல்லவில்லை என்று விளங்கிக்கொண்டு கலைந்துபோகிறார்கள். இதை அப்படியே, ‘ஒருவருமில்லை என்னைக் கொல்கிறான்’ என்று தமிழில் சொன்னால் எந்தப் பிள்ளையும் சிரிக்காது. நம் மொழியில் மறுப்பு வினையோடு சேர்ந்து வருவதால், வாக்கியமே தவறானதாக ஒலிக்கும். எனவே அரக்கன் முழு வாக்கியம் பேசக்கூடாது. வெளியே நிற்பவர்கள், “ஏன்டா கத்துற? யாருடா ஒன்ன அடிச்சது?” என்று கேட்க வேண்டும், அவன் அந்தப் பெயரை மட்டும் கத்த வேண்டும்: “ஒருத்தருமில்ல!” அவர்கள் திரும்பவும், “அப்ப யாரு குத்துனது?” என்று கேட்க, அவன் இன்னும் உரக்க, “ஒருத்தருமில்லடா!” என்று கத்த வேண்டும். பிள்ளைகளில் பாதிப்பேரை வெளி அரக்கர்களாக நிறுத்திவிட்டால் அந்தக் கேள்வியை நிறுத்தவே மாட்டார்கள். இங்கே பேச்சுத் தமிழைத் திருத்த முற்படாதீர்கள்.

தோழர்கள் ஆடுகளின் வயிற்றடியில் கட்டுண்டு தப்பும் கட்டத்தை விரைவாகக் கடந்துவிடலாம். ஆனால், ஒடிசியஸைச் சுமந்துகொண்டு கடைசியாக வெளியேறும் பெரிய கடாவைப் பொலிபீமஸ் தடவிக்கொடுத்து, ‘எப்போதும் முதலில் போகிறவன் நீ, இன்றைக்கு ஏன் பின்னால் வருகிறாய், உன் எசமானின் கண்ணுக்காக வருந்துகிறாயா?’ என்று கேட்பதைத் தவறவிடாதீர்கள். வீட்டில் ஆடு வளர்க்கும் பிள்ளைகள் அந்த இடத்தில் அமைதியாகிவிடுவதை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். அரக்கன் மீது இரக்கம் வந்த அதே கணத்தில், ஒடிசியஸ் கப்பலில் இருந்தபடி வீம்புக்குத் தன் உண்மைப் பெயரைக் கூவுவதையும், பொலிபீமஸ் தன் தந்தையான கடல் தெய்வம் பொசைடனிடம் முறையிட்டுச் சாபம் கேட்பதையும் சொல்ல வேண்டும். நாயகன் வீடு சேரப் பத்தாண்டுகள் ஆனதற்கு அந்தச் சாபமும் ஒரு காரணம்.

பெயர்களைப் பொறுத்தவரை, ஓர் எழுத்துக்கூட்டலைத் தேர்ந்து கடைசிவரை அதையே பயன்படுத்துங்கள். பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சி வழியாகத் தெரிந்த ஹெர்குலிஸ் என்பது உரோமர் வழங்கிய பெயர். கிரேக்கப் பெயர் ஹெராக்கிள்ஸ். அவ்வாறே சியூஸ் உரோமரிடம் ஜூபிட்டர், பொசைடன் நெப்டியூன். இரண்டையும் ஒரே கதையில் கலந்தால் இரண்டு வேறு ஆட்கள் என்றே பிள்ளைகள் நினைப்பார்கள்.

தெய்வங்களை அறிமுகப்படுத்தும்போது சியூஸை இந்திரன் என்றும் ஹேடிஸை யமன் என்றும் சமன்படுத்துவதே வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பெயர்ச்சொல்லின் வேரைப் பார்த்தால் சியூஸுக்கு உறவு வேதத்தில் வரும் ‘த்யௌஸ்’ என்னும் வான் தெய்வமே ஒழிய இந்திரன் அல்ல. ஹேடிஸோ உயிரைப் பறிக்கப் பாசக்கயிறோடு வருபவர் அல்லர். சகோதரர் மூவரும் சீட்டுப் போட்டு உலகைப் பங்கிட்டபோது வானம் சியூஸுக்கும் கடல் பொசைடனுக்கும் விழ, பாதாளம் தமக்கு விழுந்ததால் அங்கே அரசராக இருப்பவர். இறந்தவர்களை அவரிடம் வழிநடத்திச் செல்வது தெய்வங்களின் தூதரான ஹெர்மிஸின் வேலை.

பெருந்தெய்வங்களை விட்டுவிட்டு நம் தோட்டத்துச் சாமிகளிடமிருந்து தொடங்கினால் வேலை எளிதாகும். தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதை முனியும் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக்குக் கவ்வாத்துச்சாமியும் இருப்பதை அறிந்த பிள்ளைக்கு, கொல்லன் உலைக்கு ஹெபைஸ்டஸ் என்றொரு நொண்டித் தெய்வம் இருப்பதில் வியப்பு ஏதும் இராது. வழிச்சந்தியிலும் எல்லையிலும் வீட்டு வாசலிலும் ஹெர்மிஸின் தலை செதுக்கிய கல்தூண்களைக் கிரேக்கர் நட்டுவைத்தனர். கி.மு. 415இல், ஏதென்ஸின் கடற்படை சிசிலிக்குப் புறப்படவிருந்த வேளையில், யாரோ ஒரே இரவில் நகரெங்கும் அந்தத் தூண்களைச் சிதைத்துவிட, ஊரே கலங்கிப்போனது. எல்லையில் இருக்கும் முனியின் கல்லை ஒருவன் உடைத்துவிட்டால் மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்தில் என்ன பேச்சு நடக்கும் என்று கேளுங்கள். ஏதென்ஸ் மக்களின் அச்சத்தைப் பிள்ளைகளே விவரித்துவிடுவார்கள்.

வீரர்களுக்கும் இதே வழி பொருந்தும். கிரேக்கர் ‘ஹீரோ’ என்று அழைத்தது வெறும் கதாநாயகனை அல்ல. இறந்தபின் சமாதியில் பலியும் படையலும் பெறும் வீரனை. ஏதென்ஸின் தொன்ம வீரன் தீசியஸின் எலும்புகள் என்று நம்பப்பட்டவற்றை ஸ்கைரோஸ் தீவிலிருந்து கீமோன் என்ற தளபதி கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். மதுரை வீரனுக்குப் படையல் போடுவதையும் பொன்னர் சங்கர் கூத்தையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க ஒரு வாக்கியம் போதும்.

ஹெராக்கிள்ஸின் பன்னிரண்டு பணிகளையும் ஒரே மாலையில் சொல்லாதீர்கள். மூன்றைத் தேர்ந்தெடுங்கள்; அவற்றில் ஒன்று ஆஜியஸ் மன்னனின் மாட்டுத்தொழுவமாக இருக்கட்டும். பல்லாண்டு அள்ளப்படாத சாணத்தை ஹெராக்கிள்ஸ் இரண்டு ஆறுகளைத் திருப்பிவிட்டு ஒரே நாளில் கழுவித்தள்ளுகிறான். அப்பொல்லோடோரஸின் பெயரில் வழங்கும் தொகுப்பின்படி முதலில் விதிக்கப்பட்டவை பத்துப் பணிகளே. தொழுவப் பணிக்குக் கூலி பேசினான் என்றும், பல தலைப் பாம்பான ஹைட்ராவைக் கொல்ல சகோதரன் மகனின் உதவியைப் பெற்றான் என்றும் குற்றம் சொல்லி, பணிகளை விதித்த யூரிஸ்தியஸ் மன்னன் அவ்விரண்டையும் கணக்கில் சேர்க்க மறுத்ததால்தான் பன்னிரண்டாயிற்று. ஒரு நாள் இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, பிள்ளையை அழைத்துப்போக வந்து வாசலில் நின்ற ஒரு அம்மா, “அவனுக்கும் அரைப்பேருதான் போட்டானுங்களா?” என்று கேட்டார். அரைநாட் கூலி மட்டும் எழுதுவதைத் தோட்டத்தில் அரைப்பேர் என்பார்கள். அதற்குப் பிறகு அந்தக் கதையை வேறு எந்தச் சொல்லாலும் நான் விளக்கியதில்லை. தன்னை மறந்த வெறியில் சொந்தப் பிள்ளைகளைக் கொன்றதற்குப் பரிகாரமாகவே ஹெராக்கிள்ஸ் இப்பணிகளை ஏற்றான் என்பதைச் சிறு பிள்ளைகளிடம் தவிர்க்கலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதினரிடம் மறைக்கக்கூடாது. மறைத்தால் கதை வெறும் பலப்பரீட்சையாகிவிடும்.

பருவ காலங்களைப் பற்றிய பெர்சிபோனியின் கதைக்கு நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. மகளைப் பாதாள அரசன் கவர்ந்துபோக, தானியத் தாய் டெமீற்றர் துயரத்தால் நிலத்தை விளையாமல் செய்கிறாள் என்னும்போது, பார்த்தறியாத ஐரோப்பியப் பனிமழையை விவரிக்காதீர்கள். தை மாத விடியலில் உறைபனி படிந்து கொழுந்து கருகிக் கிடக்கும் மலையை நினைவூட்டுங்கள். பாதாளத்தில் அவள் மாதுளை விதை உண்டதால் ஆண்டில் மூன்றிலொரு பங்கு அங்கே தங்க நேர்ந்தது என்பது பழைய கிரேக்கத் துதிப்பாடலின் கணக்கு; பாதி ஆண்டு என்பது உரோமக் கவிஞர் ஓவிட் சொன்னது. ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். கேட்டால் மற்றதும் உண்டு என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

வாய்வழி பரவிய சில பிழைகளையும் கவனிக்க வேண்டும். உலகில் தீமைகளைத் திறந்துவிட்ட பண்டோரா என்ற பெண் திறந்தது பெட்டியை அல்ல, பெரிய தாழியை. பெட்டி என்ற வழக்கு பதினாறாம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற அறிஞரின் இலத்தீன் எழுத்திலிருந்து பரவியது. ட்ரோய் நகரை வீழ்த்திய மரக்குதிரையும், கிரேக்க வீரன் அக்கிலிஸின் குதிகாலில் அம்பு பட்டதும் ட்ரோய் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தில் இல்லை. அந்தக் காவியம் ட்ரோய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது.

மெடூசாவைக் கடைசி மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அதை நடித்துக் காட்டலாம். பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் கூறுவதன்படி அவள் மூன்று கோர்கன் சகோதரிகளில் சாகக்கூடிய ஒருத்தி. அழகியாக இருந்து அதீனா என்னும் பெண் தெய்வத்தின் தண்டனையால் பாம்புக் கூந்தல் பெற்றாள் என்பது ஓவிட்டின் வடிவம். அவளை நேராகப் பார்ப்பவர் கல்லாகிவிடுவர் என்பதால், அவளைக் கொல்ல வந்த வீரன் பெர்சியஸ் பளபளக்கும் கேடயத்தில் அவள் உருவைப் பார்த்தபடி அணுகுகிறான். துலக்கிய எவர்சில்வர் தட்டு ஒன்றைப் பெர்சியஸாக நடிக்கும் பிள்ளையின் கையில் கொடுத்து, மெடூசாவுக்கு முதுகு காட்டி, தட்டில் தெரியும் உருவத்தை மட்டும் பார்த்துப் பின்னோக்கி நடக்கச் சொல்லுங்கள். வலம் இடமாகத் தெரிவதால் முதல் மூன்று பேராவது சுவரில் முட்டிக்கொள்வார்கள். அதனால் வாங்குகளை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள், தப்பு அடிப்பவரையும் சற்று மெதுவாகவே அடிக்கச் சொல்லுங்கள்.