காயைப் பறிக்கத் தயங்காதீர்கள்: வீட்டுத் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் தெருவில் புதிதாக மாடித்தோட்டம் போட்டிருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் செடி பார்க்கக் கூப்பிட்டார். "அக்கா, வெண்டையில பூ நின்னு போச்சு. பஞ்சகவ்யம் அடிக்கட்டுமா, மீன் அமிலம் அடிக்கட்டுமா?" என்று கேட்டார். பத்துப் பைகளிலும் செடி இடுப்புயரம். கரும்பச்சை இலை, பூச்சி இல்லை. ஆனால் ஒவ்வொரு செடியிலும் மூன்று நான்கு காய்கள் தடித்து, வெளிறித் தொங்கின. "ஞாயித்துக்கிழமை அம்மா வர்றாங்க, அதுவரைக்கும் இருக்கட்டும்னு விட்டிருக்கேன்" என்றார்.

அதிகத் தண்ணீர், குறைந்த வெயில், வடிகால் இல்லாத பை என்பதையெல்லாம் முதல் மாதத்திலேயே யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். காயை முற்றவிடாமல் உடனுக்குடன் பறிக்கவேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

காயைச் செடியிலேயே விட்டுவைப்பது

நான் முதன்முதலில் வெண்டை போட்டபோது பன்னிரண்டு செடிகள். தீபாவளிக்கு நாத்தனார் வருகிறார், நம் வீட்டுக் காயில் பொரியல் வைக்கவேண்டும் என்ற ஆசையில் பத்து நாள் ஒரு காயைக்கூடத் தொடவில்லை. அன்று காலை பறித்து நறுக்கினால் கத்தி இறங்கவில்லை, எல்லாம் நார். அதைவிடப் பெரிய நஷ்டம் பிறகுதான் தெரிந்தது: செடிகள் பூப்பதையே நிறுத்திவிட்டன. உரக்கடையில் கேட்டேன். பறித்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு பூ ஊக்கியைக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் தெளித்துப் பயனில்லாமல், இன்னும் ஒரு மாதமாவது காய்த்திருக்கவேண்டிய செடிகளை என் கையாலேயே பிடுங்கிப் போட்டேன். விதை சரியில்லை என்றுதான் அன்று நினைத்தேன். இன்றும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நாம் காய்க்காக வளர்க்கிறோம், செடி விதைக்காக வளர்கிறது. ஒரு காய் முற்றத் தொடங்கினால் இலை தயாரிக்கும் சத்தெல்லாம் அதன் விதைக்குப் போகிறது. மேலே வரும் மொட்டுக்கு மிச்சம் கிடைப்பதில்லை, அது சிறுத்து உதிர்கிறது. விதை முற்றிவிட்டால் செடிக்கு அந்தப் பருவத்தின் வேலை முடிந்த மாதிரிதான். பிஞ்சிலேயே பறித்துக்கொண்டிருந்தால் அது மறுபடி மறுபடி பூக்கும்.

வெண்டை பூத்த ஐந்தாறு நாளில் பறிப்புக்கு வந்துவிடும். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆகவேண்டும். ஊருக்குப் போவதென்றால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், அவர்கள் பறித்துச் சமைத்துக்கொள்ளட்டும். கடையில் நுனியை ஒடித்துப் பார்ப்போமே, அதே சோதனைதான். 'படக்'கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். முற்றியதைச் சமைக்க முடியாவிட்டாலும் வெட்டி எடுத்துவிடுங்கள். தம்பி வீட்டிலும் அன்று அதைத்தான் செய்தோம். ஒரு பை நிறைய முற்றல் சேர்ந்தது. தெளிப்பு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கொடிகளுக்கும் இதே கதைதான். சுரைக்காயில் நகம் மெத்தென்று இறங்கும்போதே அறுத்துவிட வேண்டும். வெள்ளரிக் கொடியில் ஒரே ஒரு காய் மஞ்சளாகப் பழுத்தாலும் புதுப் பிஞ்சுகள் நிற்காமல் வெம்பும். (பெண் பூவுக்கு மகரந்தம் சேராவிட்டாலும் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். எனவே முதலில் கொடியில் முற்றல் இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லையென்றால் தேனீ வருகிறதா என்று பாருங்கள்.) கத்தரியில் பளபளப்பு மங்கினால் உள்ளே விதை பழுப்பாகத் தொடங்கிவிட்டது. கொத்தவரை, பீர்க்கு, புடலை எல்லாமே பிஞ்சில்தான் ருசி.

பூசணி மட்டும் நேர் எதிர். காம்பு காய்ந்து, தோலில் நகம் இறங்காத நிலை வரும்வரை கொடியிலேயே இருக்கட்டும். வெண்பூசணி என்றால் மேலே சாம்பல் பூத்திருக்கும்.

இழுத்துப் பறிப்பது

கத்தரிக்கோல் வைத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காயை இழுத்தால் கிளையும் கூடவே வரும்.

தக்காளி முழுச் சிவப்பாகக் காத்திருப்பது

அடிப்பக்கம் லேசாகச் சிவக்கத் தொடங்கியதும் பறித்துவிடலாம். வீட்டுக்குள் கூடையில் வைத்தாலே பழுத்துவிடும். செடியிலேயே பழுக்கட்டும் என்று விட்டால் அணிலுக்குத்தான். பப்பாளியும் அப்படித்தான், மஞ்சள் கோடு விழுந்ததும் இறக்கிவிடுங்கள்.

கறிவேப்பிலையை ஈர்க்கு ஈர்க்காகக் கிள்ளுவது

நுனிக் கொத்தோடு ஒடியுங்கள். அந்த இடத்தில் இரண்டு கிளை வரும். ஈர்க்காகக் கிள்ளிக்கொண்டே இருந்தால் உச்சியில் மட்டும் இலை வைத்த குச்சியாக நிற்கும்.

எல்லாச் செடியிலும் விதைக்கு விடுவது

விதைக்கென்று நல்ல செடி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இரண்டு மூன்று வாரம் நன்றாகப் பறித்த பிறகு அதில் மட்டும் இரண்டு காய்களுக்குச் சிவப்பு நூல் கட்டி விடுங்கள். கலப்பின விதையாக இருந்தால் அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரி வராது. நாட்டு ரகமோ, அர்கா அனாமிகா போன்ற, விதை எடுத்தாலும் குணம் மாறாத வெண்டை ரகமோ என்றால் எடுத்துவைக்கலாம். ஆனால் பக்கத்தில் வேறு வெண்டை ரகம் இருந்தால் தேனீ கலந்துவிடும். பூத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகி, காய் பழுப்பாகக் காய்ந்து, வரிகளில் வெடிக்கப் போகும் சமயத்தில் அறுத்து நிழலில் உலர்த்துங்கள்.