உயிருள்ள காசநோய்த் தடுப்பூசியை உருவாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தடுப்பூசிக்காக வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமி நோயை உண்டாக்கவில்லை என்பதோடு மனநிறைவு அடைந்து, எதை இழந்ததால் அது வலுவிழந்தது என்று ஆராயாமல் விடுவது முதல் தவறு. பிரெஞ்சு ஆய்வாளர்களான கால்மெட்டும் கெரானும் 1908 முதல் 13 ஆண்டுகள், மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீரும் கிளிசரினும் சேர்த்த உருளைக்கிழங்குத் துண்டுகளில் ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, மொத்தம் 230 தடவை புதிதாக மாற்றி மறுவளர்ப்புச் செய்து பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசிக் கிருமியைப் பெற்றார்கள். வியக்கத்தக்க பொறுமை அது. ஆயினும் அக்கிருமி இழந்திருந்த ஆர்.டி.1 என்னும் மரபணுப் பகுதி 1990களில்தான் கண்டறியப்பட்டது. நோயெதிர்ப்பாற்றலை வலுவாகத் தூண்டும் ஈசாட்-6 புரதமும் அதனுடனேயே போயிருந்தது. மனிதக் காசநோய்க் கிருமியிலிருந்து உருவான எம்.டி.பி.வேக் தடுப்பூசியில் ஃபோபி, ஃபேட்டி26 ஆகிய இரு மரபணுக்களைத் தனித்தனியே செயலிழக்கச் செய்திருப்பது, ஒன்று பழைய நிலைக்குத் திரும்பினாலும் மற்றொன்று காக்கும் என்பதற்காகவே. ஆய்வகத் தேவைக்காகச் சேர்க்கும் ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணுவையும் இறுதி வடிவத்தில் விட்டுவைக்கக் கூடாது.

கிடைத்த கிருமியை ஓயாமல் வளர்த்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. பல நாடுகளுக்குச் சென்ற பி.சி.ஜி., அந்தந்த ஆய்வகங்களில் பல்லாண்டுகள் மறுவளர்ப்புக்கு உள்ளாகி மரபணுவிலேயே வேறுபட்டுப் போனது. உறைநிலையில் உலர்த்திச் சேமித்த தொடக்கக் கிருமித் தொகுப்பான மூல விதையிலிருந்து மட்டுமே உற்பத்தியைத் தொடங்கும் முறை பின்னரே நிலைபெற்றது.

மன்னிக்க முடியாத தவறு, வீரியமுள்ள கிருமியையும் தடுப்பூசிக் கிருமியையும் ஒரே இடத்தில் கையாள்வது. ஜெர்மனியின் லூபெக் நகரில் 1929 இறுதியிலிருந்து 1930 ஏப்ரல் வரை, பிறந்த குழந்தைகள் சுமார் 250 பேருக்கு வாய்வழியே பி.சி.ஜி. புகட்டப்பட்டது. பாரிஸிலிருந்து வந்த கிருமியில் குறையில்லை. தடுப்பூசி தயாரித்த உள்ளூர் ஆய்வகத்தில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி அதில் கலந்துவிட்டது. 70க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். ஒவ்வொரு தொகுதியையும் விலங்குகளில் சோதித்த பிறகே வெளியே விடும் ஒழுங்கு அங்கே இருந்திருந்தால், அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைத்திருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

ஓரிடத்தில் கிடைத்த வெற்றியை எல்லா இடத்துக்கும் பொருத்துவது மற்றொரு பிழை. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல பாதுகாப்பு தந்த பி.சி.ஜி., 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மாபெரும் ஆய்வில் பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை. மண்ணிலும் நீரிலும் வாழும் உறவுக்காரக் கிருமிகளுடன் உடல் முன்பே பழகியிருப்பது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆகவே புதிய தடுப்பூசியைச் சோதிக்கும்போது, ஏற்கெனவே தொற்றோ பி.சி.ஜி.யோ பெற்றவர்களின் முடிவுகளைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும், எச்.ஐ.வி. தொற்றுள்ள குழந்தைகளின் உடலில் உயிருள்ள கிருமி பரவக்கூடும் என்பதால், அவர்களுக்கான பாதுகாப்பைத் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும்.