கண்மாய் பச்சையாக இருக்கிறதே! செயற்கைக்கோள் படத்தில் சறுக்கும் இடங்கள்

கோடையில் ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய் ஒன்றின் என்டிவிஐ (செயற்கைக்கோள் படத்திலிருந்து பசுமையை அளக்கும் குறியீட்டெண், NDVI) படத்தைப் போட்டுப் பாருங்கள். சில இடங்களில் உள்ளே பளிச்சென்று பச்சை தெரியும். 'பரவாயில்லையே, இந்த வெயிலிலும் செழிப்பாக இருக்கிறது' என்று எழுதிவிடத் தோன்றும். நேரில் போனால் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். வேறோர் ஊரில் அதே பச்சை, தண்ணீரை மூடிய ஆகாயத்தாமரையாக இருக்கும். ஒன்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை, மற்றதில் நிறைய உண்டு. என்டிவிஐக்கு இரண்டும் ஒன்றுதான். இலை சிவப்பு ஒளியை விழுங்கி அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகிறதா என்று மட்டுமே அது பார்க்கிறது. பயிரா களையா என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை.

சரி, நீரைத் தேட என்டிடபிள்யூஐ (NDWI) என்ற இன்னொரு குறியீட்டெண் இருக்கிறதே என்றால், அங்கே பெயர்க் குழப்பம். 1996இல் மெக்ஃபீட்டர்ஸ் என்ற ஆய்வாளர் ஒன்றை முன்வைத்தார். அதே ஆண்டு காவ் என்ற ஆய்வாளர் இன்னொன்றை. பெயர் ஒன்றே, சூத்திரம் வேறு. முன்னது பச்சையையும் அண்மை அகச்சிவப்பையும் ஒப்பிட்டுத் திறந்த நீர்ப்பரப்பைக் காட்டும். பின்னது குறுஅலை அகச்சிவப்பைச் சேர்த்து இலைக்குள் இருக்கும் ஈரத்தைக் காட்டும். யாரோ எழுதிய நிரலை எடுத்து ஓட்டும்போது எந்த ஒளி அலைப் பட்டைகள் அதற்குள் போகின்றன என்று பார்க்காவிட்டால், ஏரியை அளப்பதாக நினைத்துக்கொண்டு இலையை அளந்துகொண்டிருப்போம்.

இதைவிட மோசமானது சத்தமில்லாமல் வரும் தவறு. 2022 ஜனவரி 25 முதல் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களின் பிக்சல் எண்களோடு 1000 கூட்டித் தருகிறார்கள். அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். அகச்சிவப்பு 3000, சிவப்பு 500 என்றால் என்டிவிஐ 0.71. கழிக்க மறந்தால் அவை 4000, 1500 ஆகி, விடை 0.45. வயலில் ஒன்றுமே நடக்கவில்லை, ஆனால் வரைபடத்தில் 2022இல் பயிரெல்லாம் வாடிவிட்டது! உடனே அதற்கு வறட்சி, பூச்சி என்று காரணமும் கண்டுபிடித்துவிடுவோம். செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலச உதவும் கூகுள் எர்த் எஞ்சினில், அந்த 1000ஐ முன்பே கழித்து வைத்த 'ஹார்மனைஸ்டு' என்ற தொகுப்பை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் மேகம். நம் ஏரிகள் நிரம்புவது வடகிழக்குப் பருவமழையில். மேகம் மறைப்பதும் அப்போதுதான். தெளிந்த படங்களை மட்டும் பொறுக்கினால் நிரம்பும் நாட்களே கணக்கில் விழாமல் போகும். மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் இங்கே கைகொடுக்கும். ஆனால் சம்பா நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலும் அதில் ஏரி மாதிரி கறுப்பாகத் தெரியும். காற்றடித்து அலை எழுந்தால் நிஜ ஏரி வெளுத்துப்போகும்.

நிலத்தடி நீருக்கு, புவியீர்ப்பு மாற்றத்தை வைத்து நீரைக் கணிக்கும் கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோளை நம்பி ஒரு ஒன்றியத்தின் நிலையைச் சொல்லாதீர்கள். அது சில நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு மொத்தமாகப் பார்க்கும் கண். அதேபோல், செயற்கைக்கோள் தரும் தரை வெப்பத்தைக் காற்றின் வெப்பநிலையாகச் செய்தியில் போடுவதும் வேண்டாம். மத்தியான மொட்டைமாடியில் வெறுங்காலோடு நின்றவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

இந்தப் படங்களில் நீர், பயிர் என்று தானே பிரிக்கக் கணினிக்குப் பழக்கும் மாடலுக்கு வந்தால், பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். ஒன்றைப் பயிற்சிக்கும் மற்றதைச் சோதனைக்கும் வைப்பது, வினாத்தாளைக் கொடுத்துவிட்டுப் பரீட்சை நடத்துவதுதான். சில கண்மாய்களை முழுசாக ஒதுக்கி வைத்து, மாடல் கண்ணிலேயே காட்டாமல் சோதியுங்கள். துல்லியம் பெரும்பாலும் இறங்கும். அறிக்கையில் அந்த எண்ணைப் போடுங்கள்.